தாவர எண்ணெயும் செயற்கைப் பொருளும்: ஒரு வரலாற்று நோக்கு

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்தன. நீர்கொழும்புக் கரையோர மீனவர் தொழிலிழந்தனர். பெற்றோலியத்துக்குப் பதிலாகத் தாவர எண்ணெயிலிருந்து பிளாஸ்ரிக் செய்தால் என்ன என்னும் வினா இத்தகைய சூழலில் இயல்பாகவே எழும். ஆண்டுதோறும் விளைவதாதலால் அவ்வெண்ணெய் புதுப்பிக்கத்தக்கது என்பர். புதுப்பிக்கப்படுவது எண்ணெய் மட்டுந்தானா, அன்றி அதனை விளைவிப்போருக்கும் ஆலையுடையோருக்கும் இடையிலான உறவுமா என்பதை நாம் ஈண்டு நோக்க விரும்புகின்றோம்.

இம்முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. வண்ணப்பூச்சுப் பாத்திரத்தில் எஞ்சிய ஆளிவிதையெண்ணெய் காற்றுப்பட்டு இறப்பர் போன்ற ஆடையாகப் படிந்திருந்ததை அவதானித்த பிரெடெரிக் வோல்ற்றன் என்னும் ஆங்கிலேயர், 1860களில் லினோலியம் என்னும் தரைவிரிப்பை உருவாக்கினார். ஒட்சிசனை ஏற்று இறுகிய எண்ணெயுடன் தக்கைத்தூளைக் கலந்து சணற்றுணிமீது பரப்பினர். ஆளிவிதையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்த நாடுகளுள் பிரித்தானிய இந்தியாவும் ஒன்று, சணலோ வங்காளத்தது. ஆலைகள் எழுந்தவை ஸ்ரெயின்ஸ், கேர்க்கோடி ஆகிய பிரித்தானிய ஊர்களில்.

கொழும்பின் கதை சற்று வேறானது. தெங்கு செழித்த சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து வரும் புகையிரதப் பாதை மருதானை ஊடாகவே நகரின் மையத்தை அடைகின்றது. மருதானைக்கு அணித்தாகவுள்ள புதுக்கடையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தேங்காயெண்ணெய் ஆலை இயங்கியது. 1938இல் லீவர் நிறுவனம் கிராண்ட்பாஸில் நிலைகொண்டது. ஆலை இருந்தும் இங்கு லினோலியம் போன்றதொரு பொருள் பிறக்காமைக்கு இரசாயனக் காரணம் உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம். ஏனையவும் பெரும்பாலும் நிரம்பியவை. இரட்டைப் பிணைப்பு அருகியிருப்பதால் அவ்வெண்ணெய் காற்றில் இறுகாது. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்க அதிற் பிடியில்லை. எனவே சவர்க்காரத்துக்கும் கிளிசரினுக்குமே அது பெரிதும் சென்றது. எனினும் இயற்கைமீதே முழுப்பழியையும் சுமத்துதல் பொருந்தாது. குடியேற்றப் பொருளாதாரம் எம்மிடம் வேண்டியது எண்ணெயையே, எண்ணெயின் இரசாயனத்தையன்று.

அத்தகைய பிடி இயல்பாக வாய்த்தது ஆமணக்கெண்ணெய்க்கு. விளக்கெண்ணெய் என்னும் தமிழ்ப் பெயரே அதன் பழைய பயனைக் காட்டும். அதன் கொழுப்பமிலங்களிற் பத்தில் ஒன்பது பங்குவரை ரிசினோலெயிக்கமிலம். பதினெட்டுக் காபன் அணுக்களைக் கொண்ட அச்சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பும் ஓர் ஐதரொட்சில் கூட்டமும் உள. எண்ணெயை மெதனோலுடன் வினைப்படுத்தி 500 பாகை செல்சியசுக்கு அண்மையான வெப்பத்திற் பிளந்தால், பதினொரு காபன் கொண்ட துண்டொன்றும் ஏழு காபன் கொண்ட துண்டொன்றும் கிடைக்கும். முன்னதை அமினோ அமிலமாக்கித் தொடுத்ததே நைலோன் 11. நைலோன் 66இன் காப்புரிமை அமெரிக்க டூபொன்ற் நிறுவனத்திடம் இருந்த காலத்திற் பிரெஞ்சு இரசாயனவியலாளர் கண்ட வழி இது. 1955இல் மார்செய்யில் உற்பத்தி தொடங்கியது. றில்சன் என்னும் அதன் வணிகப்பெயர் நோர்மண்டியில் ஓடும் றீல் ஆற்றின் பெயரால் அமைந்தது. விதை விளைந்த நிலத்தின் ஆறெதுவும் பெயர்சூட்டியோரின் நினைவுக்கு வரவில்லை போலும்.

இன்று உலக ஆமணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தியாவில் விளைகின்றது. அதிற் பெரும்பங்கு குஜராத்துக்குரியது. விதையாகவே கப்பலேறிய ஆளியைப் போலன்றி ஆமணக்கு பெரும்பாலும் உள்நாட்டிலேயே பிழியப்பட்டு எண்ணெயாகச் செல்கின்றது. இது ஒரு வளர்ச்சியே. அதனை மறுத்தல் வரலாற்றைத் திரித்தலாகும். ஆயினும் அவ்வெண்ணெய் மோட்டார் வாகனங்களின் எரிபொருட் குழாயாக மாறும் கட்டம் பிரெஞ்சு ஆர்க்கெமா போன்ற பெருநிறுவனங்களின் கையிலேயே உள்ளது. உண்ணத்தகாத எண்ணெயாதலால் அது உணவோடு போட்டியிடாது என்னும் வாதத்தையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. எண்ணெய் போட்டியிடாதிருக்கலாம், அது விளையும் நிலமும் நீரும் போட்டியிடும்.

பிறிதொரு மயக்கத்தையும் சுட்டுதல் வேண்டும். தாவரத்திற் பிறந்தது தாவரம்போல் மட்கிவிடும் எனக் கருதுவோர் பலர். நைலோன் 11 எளிதில் மட்குவதன்று. நெடுங்காலம் உழைத்தல் கருதியே அது விரும்பப்படுகின்றது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் சுமந்த மணிகள் ஆமணக்கிற் பிறந்தவையாயினும் சரக்குவக் கடற்கரையில் அவ்வாறே கிடந்திருக்கும். மணலைச் சலித்து அவற்றைப் பொறுக்கும் வேலையும் அக்கரையோர மக்களையே வந்தடைந்திருக்கும்.