அரைமணிப் பிழையும் அம்பாறைக் கரையும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தபோது உலகப் பொது நேரம் 0.58 மணி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைத் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலம் அதிர்ந்த அவ்வேளையில் கல்முனையின் சுவர்க் கடிகாரங்கள் எத்தனை மணி காட்டின? இன்றைய இலங்கை நேரத்தைக் கொண்டு கணிப்பவர் 6.28 என்பர். உண்மை விடை 6.58 ஆகும்.

இவ்வேறுபாட்டின் காரணம் அண்மை வரலாற்றிலுள்ளது. கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை நேரம், மின்சார நெருக்கடியை முன்னிட்டு 1996 மே 25ஆம் நாள் ஆறரை மணியாக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் அது ஆறு மணியாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15ஆம் நாள் மீண்டும் ஐந்தரை மணியாயிற்று. ஆறு மணி நேரம் வழங்கிய ஆண்டுகளில் கல்முனைக் கரையில் ஞாயிறு உச்சியடைந்தது சராசரியாக 12.30ஐ ஒட்டியாகும், இன்றோ 12 மணியை ஒட்டியாகும். ஞாயிற்றைக் கொண்டு கணிக்கப்படும் ளுஹர், மஃரிப் தொழுகை வேளைகள் மாறவில்லை. கடிகாரம் அவற்றுக்குத் தந்த எண்களே மாறின.

கணினிகள் இம்மாற்றங்களை அறிவது எங்ஙனம்? லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகள், உலக நேர வலயங்களைத் தொகுத்துக் கூறும் ஒரு தரவுத் தொகுதியை நாடுகின்றன. ஆதர் டேவிட் ஒல்சன் 1980களில் தொடக்கியதும், போல் எகேட் நெடுங்காலம் பேணிவருவதுமான இத்தொகுதி திறந்த மூல ஆக்கமாகும். எவரும் அதனைப் படிக்கலாம். வழுவைச் சுட்டித் திருத்தம் முன்மொழியலாம். முன்மொழிந்தவை ஆராயப்பட்ட பின்னரே ஏற்கப்படும்.

2006இல் வேண்டிய திருத்தம் மிக எளிதாகத் தோன்றும். ஆறு என்பதை அழித்து ஐந்தரை என்று எழுதின் அன்றைய கடிகாரம் செம்மையாகிவிடும். ஆயின் அதற்கு முந்திய ஏறத்தாழ பத்தாண்டுகளின் பதிவுகள் அனைத்தும் பிழைபட்டுவிடும். ஆதலின் திருத்தத்தை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: சான்று யாது? மாற்றம் நிகழ்ந்த கணம் யாது? பழைய பதிவுகள் பழுதுறாது நிற்குமா?

தொகுதியின் இலங்கைப் பகுதி இம்மூன்றுக்கும் விடை தருகின்றது. 1996 ஒக்டோபர் மாற்றத்துக்கு ஊடக அமைச்சர் தர்மசிறி சேனாநாயக்கவின் அறிவித்தலும், 2006 மாற்றத்துக்குச் செய்தித்தள அறிக்கையும் அங்கேயே குறிக்கப்பட்டுள்ளன. 2006 ஏப்ரல் 15ஆம் நாள் 0.30 மணியானபோது கடிகாரம் நள்ளிரவுக்குப் பின்வாங்கியது. எனவே அந்த அரைமணி இருமுறை நிகழ்ந்தது. பழைய வரிகள் நீக்கப்படவில்லை. அவை முடியும் கணம் குறிக்கப்பட்டு, புதிய வரி கீழே சேர்க்கப்பட்டது.

அரசின் நேரமும் மக்கள் வழங்கிய நேரமும் முரண்பட்ட இடமும் உண்டு. விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காது, தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஐந்தரை மணி நேரத்தையே வழங்கினர். இதற்கெனத் தனி வலயம் வகுக்கப்படவில்லை. 1970 முதல் அப்பகுதிகளின் நேரத்தோடு ஒத்துவரும் கொல்கத்தா வலயத்தை அங்குள்ளோர் கொள்ளலாம் என எகேட் 2006 ஏப்ரலில் குறித்துவைத்தார். முடிவோடு காரணமும் பதிவாகியமையால், பின்வருவோர் அதனை மறுத்துரைக்கவும் இடமுண்டு.

நிகழ்காலத்தைச் செம்மை செய்யும் விரைவில் இறந்தகாலத்தை அழித்தல் திருத்தமாகாது. அதிர்வு 6.28க்கு நிகழ்ந்ததெனக் கொண்டு, கரையோர மக்கள் தம் கடிகாரத்திற் கண்டு கூறிய அலைவேளையோடு ஒப்பிடின், இடைவெளி அரைமணி நீளும். மக்களை எச்சரிக்கக் கிடைத்த காலம் மெய்யாக இருந்ததினும் மிகுதியெனத் தோன்றும். மாண்டோர் பொருட்டேனும் அக்கணக்குப் பிழையறல் வேண்டும்.