தொழிலில் ஊக்கம்

மனிதன் எதன்பொருட்டு உழைக்கிறான், ஒரே கூலி பெறும் இருவரில் ஒருவன் மனமுவந்து பாடுபட மற்றவன் கடனே என்று பொழுதைக் கழிப்பது ஏன் என்னும் வினாக்களுக்கு விடைகாண, இருபதாம் நூற்றாண்டில் மனோதத்துவ அறிஞர்கள் வகுத்த கொள்கைகள் பல. ஆயினும் கூலிக்கு உரிய இடம் எது என்பதே அவை அனைத்தினூடும் ஓடிவரும் தீராத வழக்கு.

வழக்கைத் தொடங்கிவைத்தவர் மனோதத்துவ அறிஞர் அல்லர். பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். பெத்லஹேம் எஃகு ஆலையில், ஒவ்வொன்றும் 92 பவுண்டு நிறையுள்ள இரும்புப் பாளங்களை நாளொன்றுக்கு 12½ டன் சுமந்து ஏற்றிவந்த கூலியாள், எப்போது தூக்குவது, எப்போது இளைப்பாறுவது என்பதையெல்லாம் பிறர் விதித்து, நாட்கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதும் 47½ டன் ஏற்றினான் என்று 1911-இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்காகியும் கூலி இரு மடங்குகூட ஆகவில்லை என்பதை அவர் குறையாகக் கருதவில்லை. இந்த விருத்தாந்தத்தில் மிகை உண்டென்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர்.

மனிதனைக் கூலிக்கு அசையும் யந்திரமாகக் கண்ட இப்பார்வையை அசைத்தவை, சிகாகோவை அடுத்த ஹாதார்னில், தொலைபேசிச் சாதனங்கள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் நடந்த பரிசோதனைகள். 1924-இல் தொடங்கிய முதற்கட்டத்தில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி உயர்ந்தது, குறைத்தாலும் உயர்ந்தது; ஒரு சோதனையில் நிலவொளி அளவுக்கு மங்கச் செய்தும் கைகள் தளரவில்லை. 1927-இல் ரிலே கருவிகளைப் பொருத்தும் பெண்கள் சிலரைத் தனியறையில் அமர்த்தி, இடைவேளை தந்தும் வேலைநேரம் குறைத்தும் பின்பு அச்சலுகைகளையெல்லாம் பறித்தும் பார்த்தபோது, வாராந்தர உற்பத்தி பழைய நிலைக்கு இறங்காமல் நின்றது. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஹார்வர்டில் ஆசிரியராயிருந்த எல்ட்டன் மேயோவும் அவர் சகாக்களும் இதற்குக் காரணம் தோழமையும், தம்மை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற உணர்ச்சியுமே என்றனர். ஆனால், நூற்றுக்கு மேற்பட்டோர் அடங்கிய பெருங்குழுவின் உற்பத்தியைக் கொண்டு கணக்கிட்ட கூலி, அந்த அறையில் அச்சிறுகுழுவின் உழைப்புக்கு நேராகக் கணக்கிடப்பட்டது என்பதும், ஒத்துழையாமைக்காக இருவர் நடுவில் மாற்றப்பட்டனர் என்பதும் அவ்வளவு பிரசித்தி பெறவில்லை.

அதே ஆலையில் 1931-32-இல் கம்பி இணைக்கும் பிரிவின் 14 ஆடவரைக் கவனித்ததில் நேர்மாறான காட்சி தென்பட்டது. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, மீறியவனைப் புஜத்தில் குத்தி அடக்கினர். அதிகம் செய்தால் கூலி விகிதம் வெட்டப்படும் என்ற அச்சம் அவர்களிடையே நிலவியது. பொருளாதார மந்தகாலத்தின் நடுவே நின்றவர்களுக்கு அது மூடத்தனமான அச்சமன்று. தோழமை உற்பத்தியைப் பெருக்கவும் வல்லது, கட்டிப்போடவும் வல்லது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

1943-இல் மனோதத்துவ அறிஞர் ஏபிரகாம் மாஸ்லோ, பசி முதலிய தேவைகள் தணிந்தபின் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக்கல் என்னும் தேவைகள் படிப்படியாகத் தலைதூக்கும் என்றார். இது தொழிற்சாலையில் அளந்து கண்ட முடிவன்று. பாடநூல்தோறும் காணப்படும் பிரமிடுப் படமும் அவர் வரைந்ததன்று. 1960-இல் டக்ளஸ் மக்கிரகர் இக்கருத்தை நிர்வாகிகளிடம் கொண்டுசென்றார்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே பிரெடரிக் ஹெர்ஸ்பர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறக்குறைய 200 பொறியாளரையும் கணக்கரையும் விசாரித்து, சம்பளமும் மேற்பார்வையும் சரியில்லாவிடில் அதிருப்தி பிறக்கும், சரியாயிருந்தாலோ அதிருப்தி நீங்குமேயன்றித் திருப்தி பிறக்காது; அது சாதனையிலிருந்தும் வேலையிலிருந்துமே பிறக்கும் என்று கூறினார். நன்மை நேர்ந்தால் தன் திறமையையும் தீமை நேர்ந்தால் மேலதிகாரியையும் காரணமாகச் சொல்வது மனித சுபாவம் அல்லவா என்று 1964-இல் விக்டர் வ்ரூம் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. உழைப்பால் பயன் விளையும் என்ற நம்பிக்கையும் அப்பயனின்மேல் உள்ள விருப்பமும் சேர்ந்தே முயற்சியைப் பிறப்பிக்கின்றன என்பது வ்ரூமின் சித்தாந்தம்.

1971-இல் எட்வர்ட் டெசி வழக்கை மீண்டும் கூலிக்கே திருப்பினார். துண்டுகளை இணைக்கும் புதிரை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வுநேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது என்று அவர் கண்டார். 96 ஆய்வுகளைத் தொகுத்த கேமரனும் பியர்ஸும் 1994-இல் வெகுமதி பொதுவாக உள்ளார்வத்தைக் குலைப்பதில்லை என்றனர். 128 ஆய்வுகளைத் தொகுத்த டெசியும் சகாக்களும் 1999-இல் குலைக்கிறது என்றனர்.