ஏகோன் பொண்டியும் ஒரு இசைத்தட்டும்

ப்ராக் நகரத்து ராக் குழுவான ‘ப்ளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1976இல் அவர்கள் கைதானார்கள், அதிலிருந்து ‘சாசனம் 77’ பிறந்தது, அதிலிருந்து 1989இன் மாற்றம் பிறந்தது என்ற வம்சாவளி எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. இந்த வம்சாவளியில் இசைக்கு இடமில்லை. கவிதைக்கு அதைவிடவும் இல்லை. ஆனால் அவர்களுடைய முக்கியமான இசைத்தட்டு பெரும்பாலும் ஒரு கவிஞனின் வரிகளால் ஆனது. அந்தக் கவிஞன் யார் என்பது பின்னால் தெரியவந்தபோது வம்சாவளி எழுதியவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தச் சங்கடத்திலிருந்து தொடங்கினால்தான் இசைத்தட்டைக் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

1968 ஆகஸ்டில் வார்ஸா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. அடுத்த சில வாரங்களில் மிலான் ஹ்லாவ்ஸா என்ற பதினேழு வயதுப் பையன் இந்தக் குழுவை ஆரம்பித்தான். குழுவின் பெயரே ஃப்ராங்க் ஸாப்பாவின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் முதலான அமெரிக்கக் குழுக்களின் பாட்டுகளை ஆங்கிலத்திலேயே பாடினார்கள். ஆக்கிரமிப்புக்குப் பின் வந்த ஆட்சி தன் காரியத்துக்கு ‘சகஜநிலைப்படுத்தல்’ என்று பெயர் வைத்தது. இசைக்கலைஞர்கள் கமிட்டிகளின் முன் வாசித்துக் காட்டி உரிமம் பெற வேண்டும். முடியின் நீளம், குழுவின் பெயர், பாட்டின் மொழி எல்லாம் கணக்கில் வந்தன. பல குழுக்கள் இணங்கிப் போயின. இவர்கள் போகவில்லை. 1970இல் தொழில்முறை உரிமம் பறிபோனது. அதோடு அரசு தந்திருந்த கருவிகளும் போயின. பிறகு ஒட்டுப்போட்ட ஒலிபெருக்கிகளை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளிலும் கிராமத்து விடுதிகளிலும் வாசித்தார்கள். எங்கே, எப்போது என்ற செய்தி வாய்மொழியாகவே பரவியது.

இவான் யிரோவுஸ் ஒரு கலை வரலாற்றாளர். வாத்தியம் எதுவும் வாசிக்காதவர். 1969 முதல் அவர்தான் குழுவின் கலை வழிகாட்டி. பின்னால் சேர்ந்த சாக்ஸஃபோன்காரர் வ்ராதிஸ்லாவ் ப்ராபெனெட்ஸ், சொந்தப் பாட்டுகளைச் செக் மொழியில் மட்டும் பாடினால்தான் வருவேன் என்று நிபந்தனை விதித்தார். இந்த நிபந்தனைதான் குழுவை மாற்றியது. செக் மொழியில் பாடுவதென்றால் எதைப் பாடுவது? அப்போது அவர்கள் கண்டெடுத்த கவிஞன் ஏகோன் பொண்டி.

பொண்டியின் இயற்பெயர் ஸ்பினெக் ஃபிஷெர். 1930இல் பிறந்தவர். யூதரல்லாத அவர் 1949இல் ஒரு யூதப் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டது, அன்று தலைதூக்கிக்கொண்டிருந்த யூத வெறுப்புக்கு எதிராக. மார்க்சிய தத்துவவாதி. ஹ்ராபாலின் நண்பர். ஸ்டாலினிய காலத்தின் உச்சத்தில், 1950களின் ஆரம்பத்தில், இவோ வோத்செஜாலெக் என்ற நண்பரோடு சேர்ந்து தட்டச்சுப் பிரதிகளாக ஒரு பதிப்பகமே நடத்தினார். ‘முழு யதார்த்தம்’, ‘சங்கடக் கவிதை’ என்று அவர்கள் பெயரிட்டுக்கொண்ட எழுத்துமுறையில் படிமம் இல்லை, உணர்ச்சிப் பெருக்கு இல்லை. அரசாங்க கோஷமும் படுக்கையறைச் செய்தியும் ஒரே தொனியில் அடுத்தடுத்து வரும். சின்னக் குழந்தைகளின் பாட்டைப் போன்ற எதுகை. படிக்கிறவன் சிரிப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தடுமாற வேண்டும். தடுமாறவில்லையென்றால் கவிதை தோற்றது.

இந்தக் கவிதைகளுக்குக் குழு இசையமைத்தது. 1974, 75இல், ஹௌஸ்கா என்ற பழைய கோட்டையில் வைத்துப் பதிவு செய்தார்கள். டேப்புகள் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு, 1978இல் ஃபிரான்சில் இசைத்தட்டாக வந்தன. தலைப்பு பீட்டில்ஸின் 1967ஆம் வருஷத்துத் தட்டைக் கிண்டல் செய்கிறது. ‘லோன்லி ஹார்ட்ஸ்’ என்ற தனித்த நெஞ்சங்கள் இங்கே ‘ஹாப்பி ஹார்ட்ஸ்’ ஆகி மகிழ்கின்றன. குழு என்று பொருள்படும் ‘பாண்ட்’ இருந்த இடத்தில், அதே மாதிரி ஒலிக்கிற, ‘தடை செய்யப்பட்ட’ என்று பொருள்படும் இன்னொரு ஆங்கிலச் சொல்.

அதே வருஷங்களில் இங்கிலாந்தின் ‘ப்ரோக்ரெஸிவ்’ குழுக்கள் ஸ்டூடியோவின் சாத்தியங்களை வளர்த்துக்கொண்டிருந்தன. எத்தனை தடம், எவ்வளவு சுத்தமான ஒலி என்பதும் முன்னேற்றத்தின் அளவுகோலாக இருந்தது. ஹௌஸ்கா பதிவில் இந்தச் சுத்தம் இல்லை. ஹ்லாவ்ஸாவின் பாஸ் கிதார் ஒரு சிறு தொடரைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றுகிறது. யிர்ஷி காபெஷின் வியோலா அதன்மேல் அறுக்கிறது. சாக்ஸஃபோன் ஜாஸின் கட்டறுந்த பாணியில் கதறிவிட்டு ஒதுங்குகிறது. குரல் பாடுவதேயில்லை, சொல்லிவிட்டுப் போகிறது. ஒரு பாட்டின் தலைப்பு ‘மலச்சிக்கல்’. இன்னொன்று ‘இருபது’, இளமையின் குமட்டல் பற்றியது. பொண்டியின் மூன்று நான்கு வரிகளை வாத்தியங்கள் பல நிமிஷங்களுக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. தாளில் நகைச்சுவையாகத் தோன்றும் வரி, இந்தச் சுழற்சியில் மெல்ல பயங்கரமாகிறது. கவிதைக்கு இசையமைப்பது என்றால் அதை அலங்கரிப்பது என்று பழகிய காதுகளுக்கு இது வேறு காரியம்.

இதில் ஆட்சிக்கு எதிரான கோஷம் ஒன்றுகூட இல்லை. 1975இல் யிரோவுஸ் ‘மூன்றாம் செக் இசை மறுமலர்ச்சி பற்றிய அறிக்கை’ என்ற கட்டுரையை எழுதினார். அரசின் ஊடகங்களையும், அந்தஸ்தையும், அது நிர்ணயிக்கும் மதிப்பீடுகளையும் சாராத ‘இரண்டாவது கலாச்சாரம்’ ஒன்றை உண்டாக்குவதே நோக்கம் என்றார். ஸ்தாபனத்தை அழிப்பது அதன் இலக்காக முடியாது, அப்படி ஆனால் ஸ்தாபனத்தின் கைக்குள்ளேயே போய் விழுவோம் என்றும் எழுதினார்.

ஆனால் தன்னைக் கவனிக்காமல் வாழ்கிறவர்களைத்தான் அந்த ஆட்சியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1974 மார்ச்சில், செஸ்கே புட்யேயோவிட்சே நகரத்துக்கருகே இவர்களைக் கேட்க வந்திருந்த இளைஞர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. 1976 பிப்ரவரியில் யிரோவுஸின் கல்யாணத்தை ஒட்டி ஒரு இசைவிழா நடந்தது. மார்ச்சில் கைதுகள். செப்டம்பரில் விசாரணை. குற்றம், பொது ஒழுங்கைக் குலைத்தது. ஆதாரம், ஆபாசச் சொற்கள். யிரோவுஸுக்குப் பதினெட்டு மாதம், ‘டிஜி 307’ குழுவின் பாவெல் ஸாயிசெக்குக்குப் பன்னிரண்டு, ப்ராபெனெட்ஸுக்கும் பாடகரான பாதிரி ஸ்வாதோப்ளுக் காராசெக்குக்கும் எட்டு எட்டு மாதம் சிறை. அந்த நீதிமன்றத்தைப் பார்த்து ஹாவெல் கட்டுரை எழுதினார். தத்துவவாதி யான் பாதோச்காவும் இவர்களுக்காகப் பேசினார். 1977 ஜனவரியில் சாசனம் வந்தது. மார்ச்சில், நீண்ட போலீஸ் விசாரணைகளைத் தொடர்ந்து பாதோச்கா இறந்தார்.

இதன் பிறகு குழு அடையாளச் சின்னமாகிவிட்டது. நீதிமன்றம் பாட்டைக் கேட்காமல் சொற்களை மட்டும் எண்ணியது. ஆதரித்தவர்கள் பாட்டைக் கேட்காமல் தண்டனையை எண்ணினார்கள். இரண்டு தரப்புக்கும் இசைத்தட்டு ஒரு சாட்சியப் பொருளாகவே இருந்தது.

1989க்குப் பிறகு ரகசியப் போலீசின் கோப்புகள் வெளிவந்தன. ஏகோன் பொண்டி பல கட்டங்களில் அந்தப் போலீசுக்குத் தகவல் தந்தவர் என்பது தெரிந்தது. யாருடைய கவிதையைப் பாடிய குழு சிறைக்குப் போனதோ, அந்தக் கவிஞன்.

இங்கே இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன. மனிதனோடு கவிதையையும் தூக்கி எறிவது ஒன்று. மனிதன் வேறு, படைப்பு வேறு என்று கை கழுவுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் விமர்சகனுக்கு மரியாதை கிடைக்கிறது. ஆனால் சங்கடக் கவிதையை எழுதியவனிடம் இந்தப் பிரிவினை செல்லாது. தன் உடம்பின் அசிங்கத்தை, தன் கோழைத்தனத்தை, தான் நம்பத்தகாதவன் என்பதைத் தன் கவிதையின் கச்சாப் பொருளாக ஆக்கியவன் அவன். அது நேர்மை என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத் தோன்றும் குரல் ஒன்றை மட்டும் மறைத்துக்கொண்டிருக்க முடியும் என்பதை இந்தத் தட்டு நமக்குக் கற்பிக்கிறது. கவிதையில் ‘உண்மை’ என்று நாம் பாராட்டுவது பல சமயம் ஒரு தொனியைத்தான்.

இருந்தும் தட்டு நிற்கிறது. ஏனென்றால் அதில் பொண்டியின் குரல் இல்லை. வேறு நான்கைந்து பேர், அதற்கு விலை கொடுக்கப் போகிறவர்கள், அந்த வரிகளை எடுத்துத் தங்கள் மூச்சில் ஏற்றியிருக்கிறார்கள். எழுதியவன் காப்பாற்றாத சொல்லை வாசித்தவர்கள் காப்பாற்றினார்கள். ப்ராபெனெட்ஸ் 1982இல் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார். யிரோவுஸ் மொத்தம் எட்டு வருஷங்களுக்கு மேல் சிறையில் கழித்தார். ஹ்லாவ்ஸா 2001இல் புற்றுநோயால் இறந்தார். பொண்டி 2007இல் ப்ராட்டிஸ்லாவாவில்.

ஒரு சிறு குழு தனக்குள்ளேயே, தனக்காகவே உருவாக்கும் கலை தூய்மையானது என்று நம்ப நமக்கு ஆசை. ஹௌஸ்காவின் டேப் அந்த ஆசைக்கு இடம் தருவதில்லை. சிறைக்குப் போகிறவனும் தகவல் தருகிறவனும் ஒரே பாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு நல்ல பாட்டாகவும் இருக்கிறது. நம் விமர்சனம் இந்த மூன்றையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டு பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.