ரெண்டையும் ஒண்டாப் படிக்க ஏலுமா? இரசாயனப் பொறியியலும் சட்டமும்: ஒரு பழைய உறவு

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தா நம்மட ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான். கணிதப் பிரிவு செஞ்ச பிள்ளைக்கு "எஞ்சினியரிங் கிடைக்குமா?" கலைப் பிரிவு செஞ்ச பிள்ளைக்கு "லோ கிடைக்குமா?" ரெண்டும் ரெண்டு பாதை. ஒன்றில் கால் வைத்தவர் மற்றதைத் திரும்பியும் பார்க்க மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் ஒரு தம்பி வந்து "நானா, கெமிக்கல் எஞ்சினியரிங்கையும் லோவையும் ஒண்டாப் படிக்க ஏலுமா?" என்று கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஒண்டையே முடிச்சிக்கொள்ள ஏலாம நாங்க படுற பாடு..." என்றார் ஒருவர்.

ஏலும் என்பதுதான் பதில். அவுஸ்திரேலியாவில் மொனாஷ், நியூ சவுத் வேல்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியலையும் சட்டத்தையும் ஒரே இணைப்புப் பட்டமாகப் படிக்கலாம். பொறியியலுக்குள் இரசாயனப் பொறியியலைத் தெரிவு செய்யலாம். ஆறு ஏழு வருஷம் எடுக்கும். ஆனால் அந்தத் தம்பியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது: இந்த இரண்டுக்கும் அப்படி என்ன சம்பந்தம்? அதற்குப் பதில் தேடினால் 160 வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஒரு சட்டம் பெற்ற பிள்ளை

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. சவர்க்காரம் செய்ய, கண்ணாடி செய்ய, துணி கழுவ எல்லாவற்றுக்கும் சோடா வேண்டும். அதை லெபிளாங் முறையில் செய்தார்கள். முதல் படியில் உப்பையும் சல்பூரிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். அப்போது ஐதரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். 100 கிலோ உப்புக்குக் கிட்டத்தட்ட 62 கிலோ வாயு. அது அத்தனையும் புகைபோக்கியால் வெளியே போனது. சுற்றியிருந்த மரங்கள் கருகின, பயிர் செத்தது, பூட்டும் சாவியும் துருப்பிடித்தன.

விவசாயி நீதிமன்றம் போகலாம். ஆனால் விட்னஸ், செயின்ட் ஹெலன்ஸ் மாதிரி ஊர்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல ஆலைகள். "என் மரத்தைக் கருக்கியது இந்தப் புகைபோக்கிதான்" என்று எப்படி நிரூபிப்பது? சட்டம் இருந்தது, ஆனால் அதற்குக் கண் இருக்கவில்லை.

1863இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆல்கலி சட்டத்தை நிறைவேற்றியது. எந்த இயந்திரம் போட வேண்டும் என்று அது சொல்லவில்லை. வெளியேறும் அமில வாயுவில் குறைந்தது 95 வீதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னது. வழியும் ஏற்கெனவே இருந்தது. 1836இலேயே வில்லியம் கொசேஜ் என்பவர் ஒரு கோபுரத்துக்குள் மேலிருந்து தண்ணீரை விழவைத்து, கீழிருந்து வாயுவை ஏறவிட்டு, அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக் காட்டியிருந்தார். சட்டம் வந்த பிறகுதான் ஆலைக்காரர்கள் அதை ஒழுங்காகக் கட்டினார்கள். பிடித்த அமிலத்திலிருந்து குளோரினும் அதிலிருந்து துணி வெளுக்கும் தூளும் செய்து பிறகு காசும் பார்த்தார்கள்.

ஒரு விகிதத்தைச் சட்டத்தில் எழுதினால் அதை அளக்க ஆள் வேண்டும். அதற்காக ஒரு தலைமைப் பரிசோதகரும் நான்கு உதவிப் பரிசோதகர்களும் நியமிக்கப்பட்டார்கள். தலைவர் ரொபர்ட் அங்கஸ் ஸ்மித், அமில மழையைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய இரசாயனவியலாளர். பிறகு அந்தப் பரிசோதகர் வேலைக்கு வந்த இன்னொருவர் ஜோர்ஜ் டேவிஸ்.

டேவிஸுக்கு ஆலை ஆலையாக ஏறி இறங்குவதுதான் தொழில். ஒவ்வொரு ஆலையும் வேறு வேறு பொருள் செய்தாலும், உள்ளே நடப்பது கரைத்தல், வடித்தல், உலர்த்தல், ஆவியாக்கல் என்ற ஒரு சில வேலைகள்தான் என்று அவர் கண்டார். இதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்று நினைத்தார். 1880இல் இரசாயனப் பொறியியலாளர்களுக்கு ஒரு சங்கம் அமைக்கப் பார்த்தார், அந்தப் பெயரில் அது சரிவரவில்லை. 1887இல் மான்செஸ்டரில் 12 விரிவுரைகள் நடத்தினார். அடுத்த வருஷமே அமெரிக்காவில் எம்.ஐ.டி. இந்தத் துறையில் பாடநெறி தொடங்கியது. 1901இல் டேவிஸின் கைநூல் வந்தது.

இரசாயனப் பொறியியலின் தந்தை என்று இன்றைக்குச் சொல்கிற மனிதர் ஒரு சட்டத்தை அமுல்படுத்தப் போன அரசாங்க உத்தியோகத்தர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கிரிப்ஸ் என்ற கெமிஸ்ட்

வரலாறு படித்தவர்களுக்கு 1942ஆம் ஆண்டு கிரிப்ஸ் தூதுக்குழு ஞாபகம் இருக்கும். அந்த ஸ்டஃபர்ட் கிரிப்ஸ் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தது இரசாயனம். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடம் அது. பிறகு சட்டம் படித்து 1913இல் பாரிஸ்டரானார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் குவீன்ஸ்பெரி என்ற இடத்தில் ஒரு பெரிய வெடிமருந்து ஆலையின் நிர்வாகத்தில் இருந்தார். போர் முடிந்ததும் காப்புரிமை வழக்குகளில் பேர் எடுத்தார். ஒரு கண்டுபிடிப்பு உண்மையில் புதிதா, பழையதைத் திருப்பிப் போட்டதா என்று வாதாட, சட்டப் புத்தகம் மட்டும் போதாது.

பேராதனையில் நடந்தது

இனி நம்மட பக்கம் வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை 1947இல் கொழும்பில் தொடங்கி, பிறகு பேராதனைக்கு வந்தது. பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கியது. 1964இல் பொறியியல் பேராதனைக்கு வந்தது. 1965இல் சட்டம் கொழும்புக்குத் திரும்பிப் போனது. ஒருவர் வர மற்றவர் போன மாதிரி. கலைப்பீடத்துக்குள் ஒரு சட்டத்துறை பிறகு மீண்டும் வந்தாலும், அன்றைக்கு ஒரே வளாகத்தில் சேர்ந்து வளரும் வாய்ப்பு கைநழுவிப் போனது.

இன்னொரு விஷயம். பேராதனையில் பொறியியல் பீடம் மகாவலிக்கு அந்தப் பக்கம். அங்கே மாணவர் தங்கும் அக்பர் விடுதிக்கு உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.டி. அக்பரின் பெயர். ஆற்றைக் கடக்கிற பாலமும் அக்பர் பாலம்தான். எஞ்சினியரிங் பிள்ளைகள் ஒரு நீதியரசரின் பெயரில் தூங்கி எழும்பி, அவர் பெயரில்தான் ஆறு கடக்கிறார்கள்!

பிரிந்திருந்ததற்குக் கொடுத்த விலை

1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் பூச்சிகொல்லி ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேற்று கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 1985 டிசம்பர் 4இல் டில்லியில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்பாட்டைச் சொன்னது: ஆபத்தான தொழில் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், விபத்து நடந்தால் அவரே பொறுப்பு. நீதிபதிகள் இன்னொன்றையும் உணர்ந்தார்கள். தொழில்நுட்பக் கேள்விகளைத் தனியே சட்டம் படித்தவர் தீர்க்க முடியாது, நீதிபதியோடு நிபுணர்களும் அமரும் சுற்றாடல் நீதிமன்றங்கள் தேவை என்றார்கள். 2010இல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த வடிவம்தான். காரக்பூர் ஐ.ஐ.டி. 2006இல் தொடங்கிய சட்டப் பள்ளியும் பொறியியல், விஞ்ஞானப் பட்டதாரிகளைத் தேடியெடுத்து மூன்று வருஷம் சட்டம் படிப்பிக்கிறது.

நம்மட நாட்டிலும் கதை உண்டு. அக்குறணை டவுன் நடுவால போற ஏ9 வீதியைப் பிடித்துக்கொண்டு போனால் யாழ்ப்பாணம். அங்கே சுன்னாகத்தில் அனல்மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது என்று அடிப்படை உரிமை மனு போடப்பட்டது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு, எங்கிருந்து வந்தது? ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதை ஏற்பது என்று நீதியரசர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாளியாக்கி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. 2025 ஜூலையில் அந்த வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவு வந்தது. இந்த வழக்குகளில் ஆய்வுகூட அறிக்கையை வாசிக்கத் தெரியாத சட்டத்தரணி பாதி வழக்கைத்தான் பேசுவார். சட்டம் தெரியாத பொறியியலாளர் எழுதும் நல்ல அறிக்கை ஃபைலுக்குள் கிடந்துவிடும்.

பிங்கா ஓயா

எங்கேயும் போக வேண்டாம், பாலத்துல நின்டு கீழ பாருங்க. மழைக்கு டவுனை நிறைக்கிற அதே பிங்கா ஓயாதான். வெள்ளம் வந்தா பேசுவோம், வடிஞ்சா மறப்போம். அந்தத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, பொல்கொல்லையால் சுரங்கம் வழி வடக்கே வயல்களுக்கும் போகிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. ஆற்றில் விடும் கழிவுநீரின் பீ.எச். 6.0 முதல் 8.5க்குள் இருக்க வேண்டும், பீ.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. 1863இன் 95 வீதம் மாதிரியே இதுவும் சட்டத்துக்குள் இருக்கிற இலக்கம்தான். நம்மட பிரச்சினையும் அந்த விவசாயியின் பிரச்சினைதான்: ஒரு புகைபோக்கி இல்லை, எத்தனையோ குழாய்கள். எது யாருடையது என்று அளந்து, எழுதி, நீதிமன்றம் ஏற்கும் விதமாகக் கொண்டுபோய் வைக்க ஆள் வேண்டும்.

எல்லாரும் ரெண்டு பட்டம் எடுக்கத் தேவையில்லை. ஏழு வருஷம் வெளிநாட்டில் படிப்பிக்கக் காசு எத்தனை வாப்பாமாரிடம் இருக்கிறது? இங்கேயே ஒன்றை முடித்துவிட்டு, வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கலாம். அல்லது ஒரு பொறியியல் பிள்ளையும் ஒரு சட்டப் பிள்ளையும் மாசத்தில் ஒருநாள் ஒரு மேசையில் உட்காரலாம். நம்மட ஊரில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றாக உட்காரவில்லை.

அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: ஏலும் தம்பி. முதல்ல ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு ஆத்துக்கு வாங்க, தண்ணியில இருந்து தொடங்குவோம்.