லயத்துக்குள் விழுந்த கோடுகள்

தோட்டத் துண்டாடல் என்றாலே நாம் வெள்ளைக்காரக் கம்பெனியையும் நிலத் தரகரையும் திட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் நிலத்தில் கோடு போடுவதற்கு முன்னாலேயே லயத்துக்குள் கோடுகள் இருந்தன. இதைச் சொன்னால் பெருசுகளுக்குக் கோபம் வரும்.

1950களில், மலாயா சுதந்திரத்தை நெருங்கும்போது, ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய பலருக்கு ரப்பரில் ஆசை இல்லை. மொத்தமாக வாங்கி, லாட் லாட்டாகப் பிரித்து விற்றார்கள். நான் படித்தது சிவில். சர்வே பிளான் எனக்குக் கோடும் எண்ணும்தான். இங்கே அந்தக் கோடு வேறு வேலை செய்தது. அரசாங்கக் கணக்கில் 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது எஸ்டேட் இல்லை, சிறுதோட்டம். ஐந்து பத்து ஏக்கர் வாங்கினவர் லயத்தையும் ஆயாக் கொட்டகையையும் எதற்குக் காப்பாற்றப் போகிறார்? குடும்பத்தோடு தானே பால் வெட்டிக்கொள்வார், இல்லாவிட்டால் காண்ட்ராக்டில் ஆள் பிடிப்பார். தொழிலாளிக்கு வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போச்சு. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் தலைமையில் ஓர் ஆய்வே செய்தார்கள்.

அந்த வருடங்களிலும் விடியுமுன் பெரட்டு நடந்தது. கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் நிரை காட்டுவார், உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் போவார்கள். கிராணிமார் பெரும்பாலும் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார். அவர்கள் வீடு தனி, புழக்கம் தனி. லயத்துக்காரர்களும் ஒன்றாக இருந்தார்களா என்றால் இல்லை. சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம். கோயிலிலும் யார் எதுவரை வரலாம் என்று கணக்கு.

1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் கேட்டார். நூறு வெள்ளிப் பங்கு, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். (எங்க பாட்டி இன்னமும் ரிங்கிட்டை வெள்ளின்னுதான் சொல்வாங்க.) பத்து வெள்ளி என்றால் அப்போது சில நாள் கூலி. அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். எனக்கு ஏக்கர் கணக்கைவிட அந்தப் பங்குப் பேரேடுதான் பெரிசாகப் படுகிறது. தனித்தனி லயத்தில் இருந்தவர்கள் ஒரே பேரேட்டில் நிலம் வாங்கினார்கள். அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கூட்டுறவுத் தோட்டத்திலும் மேனேஜர், கிராணி, மண்டோர், பெரட்டு எல்லாம் இருந்தது. சங்கத்தால் வாங்க முடிந்ததும் சில தோட்டங்களைத்தான்.

இன்னொரு கோடு அட்டையில் இருந்தது. குடியுரிமை இருந்தால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. பிறப்புப் பத்திரம் தேடவும், பாரம் நிரப்பவும், மலாய் பேசிக் காட்டவும் தோட்டத்தில் எத்தனை பேரால் முடிந்தது? ஒரே வீட்டில் புருஷனுக்குச் சிவப்பு, பெண்டாட்டிக்கு நீலம் என்று இருந்தது. 1969இல் சிவப்பு அட்டைக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் இத்தனை காலம் பெரிசாகத் தெரியாத அந்த நிறம் வேலையைத் தீர்மானித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜூலா கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் கிராணி வீட்டுக்காரர்கள் அதிகம் ஏறியிருக்க மாட்டார்கள்.