'பாட்டியோட வீல்சேர் உள்ள போகுமா?': இணைய வரைபடத்தில் பதில் எழுதுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் முடிவாகிவிட்டது. யாரோ கடையின் லிங்க்கை அனுப்புகிறார்கள். 4.3 நட்சத்திரம். மீன் குழம்பு பிரமாதம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்போது அம்மா கேட்கிறார்: "பாட்டியோட வீல்சேர் உள்ள போகுமா?"

குழு அமைதியாகிவிடுகிறது. கடைசியில் ஒருவர், "போய்ப் பாத்துக்கலாம்" என்கிறார். போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு படி. நான்கு பேர் சேர்ந்து பாட்டியை நாற்காலியோடு தூக்க, தெருவே திரும்பிப் பார்க்கிறது. அடுத்த முறை கூப்பிட்டால் பாட்டி சொல்வார்: "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டி வலி."

அந்த ஒரு கேள்விக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பதில் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் பல நாடுகளில் தன்னார்வலர்கள் இணைய வரைபடங்களில் தகவல் சேர்த்து வருகிறார்கள். வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம்? அவர்கள் எழுதுவது இவ்வளவுதான்.

எந்த வரைபடத்தில்?

நம்மில் பலர் பயன்படுத்துவது கூகல் மேப்ஸ். அதில் ஒரு கடையின் விவரப் பக்கத்தைத் திறந்தால், சக்கர நாற்காலிக்கு ஏற்ற வாசல், கழிவறை, இருக்கை, வாகன நிறுத்துமிடம் ஆகியவை உண்டா என்ற குறிப்புகள் சில இடங்களுக்கு இருக்கும். கடைக்காரரும் அதைப் பதியலாம், வந்து போனவர்களும் பதியலாம்.

இன்னொன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் பிரிட்டனில் தொடங்கியது. விக்கிப்பீடியாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதே பாணிதான், ஆனால் கட்டுரைக்குப் பதில் வரைபடம். யாரும் கணக்கு திறந்து திருத்தலாம். அந்தத் தகவலை எடுத்து வேறு செயலி செய்யவும் யாருக்கும் அனுமதி உண்டு.

அப்படி உருவானதுதான் வீல்மேப். பெர்லினில் உள்ள 'சோசியல்ஹெல்டன்' என்ற அமைப்பு 2010-இல் அதை வெளியிட்டது. அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான ரவுல் கிரவுத்ஹவுசன் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். நண்பர்களைச் சந்திக்க எப்போதும் ஒரே காப்பிக் கடைக்குப் போக வேண்டியிருந்த அலுப்பிலிருந்து பிறந்த யோசனை அது. வேறு எந்தக் கடைக்குள் நுழைய முடியும் என்பது தெரியாததால்தான் ஒரே கடை.

வீல்மேப்பில் இடங்கள் போக்குவரத்து விளக்குபோல் நிறம் காட்டும். வாசலிலும் உள்ளேயும் படியே இல்லை என்றால் பச்சை. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் 7 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், முக்கியமான அறைகளுக்குப் படியில்லாமல் போக முடிந்தால் மஞ்சள். அதற்கு மேல் உயரமான படியோ, பல படிகளோ இருந்தால் சிவப்பு. இதுவரை யாரும் பார்த்து எழுதாத இடம் சாம்பல்.

7 சென்டிமீட்டரை எப்படி அளப்பது?

சாப்பிடப் போகும்போது யாரும் அளவுகோலை எடுத்துப் போவதில்லை. மைகாட் இருக்கும்தானே? அதன் அளவு வங்கி அட்டையின் அளவேதான்: நீளம் 8.6 சென்டிமீட்டர், அகலம் 5.4 சென்டிமீட்டர். அட்டையைப் படுக்கைவாக்கில், நீளப் பக்கம் தரையில் படும்படி படியோரம் வையுங்கள். படி அதைவிட உயரம் குறைவா? அப்படியென்றால் மஞ்சள்தான், கவலையில்லை. அட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்திய பிறகும் படி அதைவிட உயரமா? சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் வந்தால் மட்டும் சரியாக அளக்க வேண்டும்.

கழிவறைக்கு வீல்மேப் கேட்கும் கதவு அகலம் குறைந்தது 90 சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர்; மூன்று தாள் நீளம் என்றால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். உள்ளே நாற்காலியைத் திருப்ப 150-க்கு 150 சென்டிமீட்டர் இடமும், கைப்பிடிகளும் வேண்டும். கதவு போதும் போதும் என்று இருந்து, உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கிவைத்த கழிவறைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையும் குறிப்பில் எழுதலாம்.

சாய்தளம் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு 1-க்கு 12. அதாவது 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 180 சென்டிமீட்டர் நீளச் சாய்வு தேவை. நமது பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் அவ்வளவு இடம் எங்கே? ஒரு கடையின் தரை ஒரு மட்டம், அடுத்த கடையின் தரை இன்னொரு மட்டம். சாலைக்கும் அஞ்சடிக்கும் நடுவே கால்வாய் வேறு. அதன்மேல் ஓர் இரும்புத் தகட்டைச் செங்குத்தாகச் சாத்திவைத்துவிட்டு 'சாய்தளம் உண்டு' என்று பதிந்தால், தனியாக வருபவர் பாதியில் பின்னால் சாயும் ஆபத்து உண்டு.

அதனால்தான் வெறும் 'ஆம், இல்லை' போதாது என்கிறோம். 'வாசலில் ஒரு படி, சுமார் 15 செ.மீ.; இடப்பக்கச் சந்து வழியாகப் பின்வாசல் சமதளம், ஆனால் பூட்டியிருக்கும், கடையில் சொல்லித் திறக்க வேண்டும்.' இப்படி ஒரு வரி, கூடவே வாசலின் படம். மோட்டார் பொருத்திய கனமான நாற்காலியில் வருபவருக்கு அந்தப் படி முடியாது. மடக்கு நாற்காலியில் பாட்டியைத் தள்ளி வரும் பேரனுக்கு அது முடியும். யாருக்கு முடியும் என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. இருப்பதைச் சொன்னால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

'இல்லை' என்று எழுதினால் கடைக்காரர் கோபிக்க மாட்டாரா?

சிலர் கோபிக்கலாம். ஆனால் சிவப்புக் குறி புகார் அல்ல. அது ஒருவருக்கு ஒரு வீண் கிராப் கட்டணத்தையும், வாசல்வரை வந்து திரும்பும் சங்கடத்தையும் மிச்சப்படுத்துகிறது. தொல்லை தருவது சாம்பல் நிறம். அதைவிட மோசம், நல்லெண்ணத்தில் போட்ட தவறான பச்சை. ஒரு முறை நம்பி ஏமாந்தவர் அடுத்த பச்சையையும் நம்பமாட்டார்.

மஞ்சள் ஓடுகளும் வரைபடத்தில் உண்டு

சக்கர நாற்காலியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் நமக்கு லிட்டில் இந்தியா. ஆனால் 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்குதான் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கும்போது காலுக்கடியில் மேடும் பள்ளமுமாக மஞ்சள் ஓடுகளைக் கவனித்திருப்பீர்கள். நீளக் கோடுகள் 'இப்படியே போங்கள்' என்பதற்கு. வட்டப் புள்ளிகள் 'நில்லுங்கள், எதிரே ஏதோ இருக்கிறது' என்பதற்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எந்தப் பாதையில் இந்த ஓடுகள் உள்ளன, சாலையைக் கடக்கும் இடத்தில் நடைபாதை விளிம்பு தாழ்த்தப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் தனித்தனியாகப் பதியலாம்.

பதிந்து என்ன பயன்? 2018-இல் மைக்ரோசாஃப்ட் 'சவுண்ட்ஸ்கேப்' என்றொரு செயலியை வெளியிட்டது. காதணிக் கருவியில், கடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே ஒலி வரும்படி வழிசொல்லும் செயலி. அது படித்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் சேர்த்த தகவலை. 2023-இல் நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்தியது. ஆனால் அதற்குமுன் நிரலைப் பொதுவில் விட்டுவிட்டது. வேறு குழுக்கள் எடுத்து நடத்துகின்றன. செயலி போனாலும், யாரோ ஒருவர் தெருத்தெருவாக நடந்து சேர்த்த தகவல் போகவில்லை.

ஆனால் வரைபடத்துக்கு எல்லாம் தெரியாது. மஞ்சள் ஓடு இருக்கிறது என்று சொல்லும். அதன்மேல் இன்று யார் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார் என்று சொல்லாது. ரயில் நிலையத்தில் மின்தூக்கி உண்டு என்று சொல்லும். அது நேற்றிரவு பழுதானதைச் சொல்லாது. அடைத்து நிற்கும் வாகனத்தைப் பற்றி வரைபடத்தில் எழுதிப் பயனில்லை. படமெடுத்து ஊராட்சி மன்றத்திடம் புகார் செய்ய வேண்டிய விஷயம் அது.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, அதாவது சட்டம் 685, பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களைப்போலவே பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. கட்டட வடிவமைப்புக்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தர அளவுகோலும் உண்டு. ஆனால் 2008-இல் சட்டம் இயற்றப்பட்டபோது, அந்த உரிமையை மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகள் அன்றுமுதல் சுட்டிக்காட்டும் குறை அது.

தன்னார்வலர்களின் குறிப்பு அந்த ஓட்டையை அடைக்காது. படியை இடிக்கும் வேலை கட்டட உரிமையாளருடையது, கேட்டு வாங்கும் வேலை மன்றத்துடையது. ஆனால் ஒரு தெருவில் எத்தனை கடைக்குள் நுழைய முடியாது என்று யாராவது மன்றத்தில் கேட்டால், காட்டுவதற்கு ஒரு பட்டியல் கையில் இருக்கும்.

நீங்கள் தொடங்குவது எப்படி?

ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' சுலபம். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி என்ன தகவல் இல்லை என்று பார்த்து, அதுவே கேள்வி கேட்கும். நீங்கள் பதிலைத் தட்டினால் போதும். கடைக்குள் போய்ப் பார்க்க வேண்டிய கேள்விகள் தொடக்கத்தில் அணைந்திருக்கும், அமைப்புகளில் போய் முடுக்கிவிடுங்கள். பதில் வரைபடத்தில் ஏற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு தேவை. மற்றவர்கள் இணையத்தளத்திலேயே திருத்தலாம்.

நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கூகல் மேப்ஸில் இருப்பதைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதக் கூடாது, உரிமச் சிக்கல். படமெடுக்கும்போது சாப்பிடுகிறவர்களின் முகம் வேண்டாம், வாசல் போதும். பார்த்த தேதியையும் பதிய வழி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். கடைகள் இடம் மாறும், வாசலை உடைத்துக் கட்டுவார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய 'ஆம்' இன்றைக்குச் செல்லுமா என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

விளக்கக் குறிப்பைத் தமிழிலும் எழுதலாம். ஆசையாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சேர்த்துவிடுங்கள், படிப்பவர் எல்லாரும் நம் ஆட்கள் அல்லர்.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி போக ஆசைப்படும் இடங்களைப் பாருங்கள். கிளினிக், முடிதிருத்தும் கடை, கோயில். கோயில்களில் ராஜகோபுர வாசலில் உயரமான நிலைப்படி இருக்கும், பக்கவாசல் சில இடங்களில் சமதளமாக இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு வாசலையும் தனிப் புள்ளியாகவே குறிக்க முடியும் என்பதால், எந்த வாசல் என்று தெளிவாகச் சொல்லலாம்.

பத்துமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். "அங்க 272 படி, அப்பாவால முடியாது" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால் ரயில் நிலையமும், அடிவாரத்துக் கோயில்களும், முருகன் சிலை முன்னால் உள்ள திடலும் கீழேதான் இருக்கின்றன. நடைமேடையிலிருந்து திடல்வரை படியில்லாத வழி எது, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம், அடிவாரச் சன்னிதிகளில் எந்த வாசல் சமதளம் என்பதை அடுத்து அங்கே போகிறவர் பார்த்து எழுதலாம். படிகளை எண்ண வேண்டாம், அந்த எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும்.