இசை நாடகம் (திண்டுக்கல் வட்டாரம்)

பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் தமிழ் நாடக வகை இசை நாடகம். திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறைப் பக்கங்களில் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஊர்க்காரர் பேச்சில் வெறும் ‘நாடகம்’. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி, கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும்.

ஐரோப்பியரின் ஆப்பெராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தமிழில் ஒரு கலை உண்டென்றால் அது இதுதான். ஆப்பெராவுக்கு நிலையான மாளிகைகள் வாய்த்தன. பொதுமக்கள் காசு கொடுத்து நுழையும் முதல் ஆப்பெரா அரங்கு 1637இல் வெனிஸ் நகரில் திறந்தது. மிலான் நகரத்து லா ஸ்காலா 1778இல் வந்தது. பம்பாயின் ராயல் ஆப்பெரா ஹவுஸை 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். திண்டுக்கல் சமவெளியிலோ, நத்தம், வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கோயில் திடலில் ஒரே ராத்திரிக்கு எழும் கொட்டகைதான் அரங்கு. தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவை ஏற்கும். நுழைவுச்சீட்டு கிடையாது. அம்மனுக்கு எடுக்கும் விழாவில் நாடகமும் ஒரு பகுதி என்பதால், முதல் பார்வையாளர் அந்த அம்மனே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்தியக் குழுக்களும் பார்சிக் குழுக்களும் தமிழ்நாட்டுக்கு வந்து போயின. தெருவில் ஆடிய கூத்துக்குப் பக்கத்தில் திரைச்சீலை, பக்கத் தட்டி, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு ஆகியவை அப்போது புதிதாக வந்து சேர்ந்தன. ‘பார்சி மெட்டு’ என்ற சொல் இன்றும் நாடகக்காரர் வாயில் புழங்குகிறது. வந்த மெட்டுகளுக்கு விருத்தமும் வெண்பாவும் சிந்தும் கீர்த்தனையும் ஈடுகொடுத்தன. இந்தக் கலவையை ஒழுங்குபடுத்தி, எந்த நடிகரும் எந்த ஊரிலும் எடுத்துப் பாடக்கூடிய பாடமாக எழுதிவைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

அவர் 1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிவிட்டு, இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்தவர். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியோடு அவருக்கு நெருங்கிய உறவு உண்டு: தமிழ் இலக்கணமும் செய்யுளும் அவர் கற்றது பழனி தண்டபாணி சுவாமிகளிடம். லயத்தைப் புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளையிடம் பெற்றார். செய்யுளில் பழனியும் தாளத்தில் புதுக்கோட்டையும் இருப்பதால்தான் அவர் பாட்டுகள் படித்தாலும் நிற்கின்றன, பாடினாலும் நிற்கின்றன. எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கு மேல். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் போன்றவை இன்றும் மேடையில் உயிரோடு இருக்கின்றன. சிறுவர் குழுவுக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்றி மறவாமல் சொல்லிவரும் செய்தி. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்த நிலையில் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

திருச்சி – மதுரை ரயில் பாதையில் திண்டுக்கல் 1875 முதல் ஒரு நிலையம். திரைகளும் உடுப்புப் பெட்டிகளுமாக ஊர் ஊராகப் போன ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற சிறுவர் குழுக்களுக்கும், தனியாகப் பயணம் செய்த நடிகர்களுக்கும் இந்தப் பாதைதான் வழி. கம்பெனியில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒத்திகை பார்த்து, முறையாக நடிப்பார்கள். ஸ்பெஷல் நாடகம் அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒருவரைத் தனியாக, ‘ஸ்பெஷலாக’ அமர்த்துவதால் வந்த பெயர் அது. ராஜபார்ட் (நாயகன்) திண்டுக்கல்லிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி) புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் (கோமாளி) மதுரையிலிருந்து வருவார். மேடைக்குப் பின்னால் மாவு பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். சுதியை ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார். லா ஸ்காலாவில் இசைக்குறிப்பும் நடத்துநரும் வாரக்கணக்கான ஒத்திகையும் செய்யும் வேலையை இங்கே ஒரு பாடமும் ஒரு சுதியும் செய்துவிடுகின்றன. இந்த வட்டாரம் இசைக்குக் கொடுத்த பெரிய கொடை இதுவே. உரிய இடம் இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரவின் வரிசை ஏறக்குறைய நிலையானது. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பலவகை ஒலிகளையும் கொடுக்கும் ஆல்ரவுண்டு ஆகியோர் மேடையின் ஒரு பக்கம் அமர்ந்து கடவுள் வாழ்த்தோடு தொடங்குவார்கள். பிறகு பபூன் வருவார். அவரோடு டான்ஸ் வேடக்காரப் பெண் சேர்ந்து, பாட்டும் ஆட்டமும் கிண்டலுமாக நள்ளிரவைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். குழந்தைகள் பாயில் உறங்கிய பிறகுதான் கதை சூடுபிடிக்கும். வள்ளி திருமணமென்றால் எல்லாரும் காத்திருப்பது தர்க்கத்துக்கு. தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும், அப்புறம் வள்ளியும் வேடன் வேடத்து முருகனும் கேள்வியும் பதிலுமாகப் பாட்டிலேயே மோதுவார்கள். எழுதிய பாடம் ஓரளவுதான். மிச்சம் அன்றைய இரவில் பிறக்கும். எதிராளி எந்தக் கேள்வியை எடுப்பார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்பது யாருக்கும் தெரியாது. அதே இருவர் மறுபடி சந்தித்தாலும் அதே தர்க்கம் வராது. பழனி மலை இருக்கும் மாவட்டத்தில் முருகன் கல்யாணம் விடியற்காலையில் முடிவது, பார்ப்பவர்களுக்குக் கதை மட்டும் அல்ல.

இந்த மேடையின் பெரும் பாடகர்களில் முதலில் நிற்பவர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ அவரைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோனது. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அமர, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்த உச்சஸ்தாயிக் குரல் அவருடையது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிய சிறுமியாக இருந்து மேடைக்கு வந்தவர். இருவரும் இணைந்தது கொழும்பில். 1927இல் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் இறந்தார். அதன்பின் வெள்ளைச் சேலையே உடுத்திய சுந்தராம்பாள், ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, பாட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். பின்னாளில் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினரானார்.

எஸ்.எஸ். விசுவநாத தாஸின் கதை வேறு வகை. சிவகாசியில் 1886இல் பிறந்தவர். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தவர் என்பதற்காக அவரோடு மேடையேற மறுத்தவர்கள் இருந்தார்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கிப் பாடி, பலமுறை சிறை சென்றார். அந்தப் பாட்டுகளை எழுதித் தந்தவர்களில் மதுரகவி பாஸ்கரதாஸ் முக்கியமானவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே தாஸின் உயிர் பிரிந்தது.

1931இல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்த பிறகு மேடைப் பாடகர்கள் படத்துக்குப் போனார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்த பவளக்கொடிதான் 1934இல் படமானது. பாட்டு ஐம்பதை எட்டிய அந்தப் படம், நாடகத்தை அப்படியே கேமரா முன் வைத்தது போன்றது. மேடைக்கு மைக் வந்ததும் சுதி இறங்கியது. அதுவரை குரலின் வலிமையே ராஜபார்ட்டின் தகுதியாக இருந்தது. அதன்பின் குரல் சற்று மெலிந்தவர்களும் அந்த வேடத்தைத் தாங்க முடிந்தது. சுருதி நுணுக்கத்துக்கு இது லாபம். கொட்டகையின் சிலிர்ப்புக்கு நட்டம்.

நடிகர்கள் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். மதுரையைப் போலத் திண்டுக்கல்லிலும் நாடக நடிகர் சங்கம் உண்டு. உறுப்பினர்களின் படமும் வேடமும் அச்சிட்ட நாட்காட்டி, ஏஜெண்டு வழியாகத் தேதி பேசுதல், முன்பணம், படத்தோடு ஊர்ச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ் என்று தொழிலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோடைத் திருவிழா மாதங்களில் ஓடிச் சம்பாதிப்பதை மழைக்காலத்துக்கு வைத்துச் சாப்பிடும் வாழ்க்கை இது. மேடையில் ராணியாக மதிக்கப்படும் ஸ்திரீபார்ட் பெண்ணுக்கு மேடைக்கு வெளியே அந்த மதிப்பு கிடைப்பதில்லை. சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த இழிவைப் பற்றியே தனி நூல் எழுதி 2005இல் வெளியிட்டார். 2020இல் நோய்த்தொற்று ஊரடங்கு பங்குனியில் வந்து விழுந்தது. திருவிழாக்கள் நின்றன, நாடகக்காரர்களின் ஆண்டு வருமானம் அதோடு போயிற்று.

இதே வட்டாரத்தில் வேறொரு நாடக வழியும் பிறந்தது: திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1977இல், எழுபது நாள் நாடகப் பயிற்சி முகாம் நடந்தது. பேராசிரியர் சே. ராமானுஜம் முன்னின்று நடத்திய அந்த முகாம் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி. பட்டறையில் பயின்ற நவீன நாடகம் நகரங்களைத் தேடிப் போயிற்று. சாணார்பட்டி, அய்யலூர்ப் பக்கத்து ஊர்க்காரர் இன்னமும் பாயைத் தட்டி விரித்து உட்காருவது வள்ளியின் முன்னாலும் அரிச்சந்திரனின் முன்னாலும்தான். பபூன் கட்டத்துக்கு நேரம் கூடி, சுவாமிகளின் பாட்டுகள் பல இப்போது சுருங்கிவிட்டன. மயான காண்டத்தில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. அரிச்சந்திரன் சுடலையில் பாடும் அந்த விருத்தங்களை ஒன்றுவிடாமல் பாடித்தான் ராஜபார்ட் மேடையை விட்டு இறங்க முடியும்.